குண்டு படாமல் சாகிறவர்களை யார் கணக்கெடுப்பது?

லாங் பஜார் வாசி எழுதியது:

எங்கள் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1914–18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். வெங்காய விலை பார்க்க வந்தவர்கள் யாரும் அண்ணாந்து அதைப் பார்ப்பதில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை.

என் சங்கடம் வேறு. அதே 1918இல் படைக் கப்பல்களோடு பம்பாயில் வந்து இறங்கிய இன்புளூயன்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. போர் இல்லாவிட்டால் அந்தக் காய்ச்சல் அவ்வளவு வேகமாக உலகைச் சுற்றியிருக்காது. அதில் செத்தவர்களுக்கு இப்படி ஊருக்கு ஊர் கல் கிடையாது. நம் ஊர்க் கணக்கு 14 என்று முடிந்துவிட்டது.

இன்றும் அதே கதைதான். இரவு ஒன்பது மணிச் செய்தியில் எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்று வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த ஊரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர் என்ன ஆனார் என்று ஒருவரும் சொல்வதில்லை. இந்தக் குழுவில் ராணுவத்தில் இருந்தவர்கள், மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள், போரிலிருந்து தப்பி வந்தவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். தெரிந்ததை எழுதுங்கள். அரசியல் பேச வேறு இழை இருக்கிறது.

எதிர்க்கேள்வி எழுதியது:

போர் என்றாலே அரசியல்தான். அரசியல் பேசாமல் போரைப் பேசு என்பது உப்புப் போடாமல் ஊறுகாய் போடு என்பது போல. அதோடு 1918 காய்ச்சல் போர் நடக்காத நாடுகளிலும் கொன்றது. எல்லாச் சாவையும் போர்க் கணக்கில் எழுத ஆரம்பித்தால் அந்தக் கணக்குக்கு எல்லை ஏது?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

எதிர்க்கேள்வி தம்பி கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பொதுச் சுகாதாரத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். யார் எதனால் செத்தார் என்று ஒவ்வொன்றாகத் தகராறு செய்வதில்லை. சாதாரண காலத்தில் அந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் இறப்பார்கள், இப்போது எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். மிகுதியாக வருவது போரின் பங்கு.

பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளில் ஒரு சாவுக்கு மேல் போனால் அதை அவசர நிலை என்று வைத்திருக்கிறார்கள். கேட்கச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஐந்து லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்துக்குக் கணக்குப் போடுங்கள்: நாளுக்கு ஐம்பது. இந்தியாவின் இப்போதைய இறப்பு விகிதப்படி அதே நகரத்தில் சாதாரண நாளில் ஒன்பது, பத்து பேர்தான் இறப்பார்கள். பல போர்களில் மீதி நாற்பது பேரில் குண்டு பட்டவர்கள் கொஞ்சம்தான் இருப்பார்கள். வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை, பிரசவம், மருந்து நின்றுபோன இருதய நோய், இவைதான் அந்தப் பட்டியலை நிரப்பும்.

எல்லாம் தண்ணீரில் ஆரம்பிக்கும். 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் மின் நிலையங்களைக் குண்டு வீசி அழித்தார்கள். மின்சாரம் போனால் வீட்டில் விளக்கு எரியாது என்று மட்டும் நாம் நினைப்போம். அங்கே தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றது, சுத்திகரிப்பு நின்றது, சாக்கடை நீர் ஆற்றில் கலந்தது, குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தார்கள். ஏமனிலும் அப்படித்தான்: 2017 முடிவதற்குள் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். காலரா மருந்தில்லாத நோயா என்ன? உப்பும் சர்க்கரையும் கரைத்த சுத்தமான தண்ணீர் இருந்தாலே பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிடலாம். அந்தச் சுத்தமான தண்ணீர்தான் அங்கே இல்லை.

அகதி முகாம்களுக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவு ஒன்று இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. பாலாறு வறண்டு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற வேலூர்ப் பெண்களுக்கு 15 லிட்டர் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் குடம். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கைக்குழந்தையைக் கழுவ எல்லாவற்றுக்கும் அந்த ஒரு குடம்தான். பல போர் முகாம்களில் அதுகூடக் கிடைப்பதில்லை.

காந்தி ரோடு எழுதியது:

சிஸ்டர் உப்பு, சர்க்கரை என்றதும் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் லாட்ஜ் போர்டு, ஓட்டல் போர்டு, மருந்துக்கடை போர்டு எல்லாம் வங்காள மொழியிலும் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள்தான் எங்கள் பிழைப்பு. எங்கள் லாட்ஜில் தங்கிய ஒரு பெரியவர், 1971இல் எல்லை தாண்டி ஓடிவந்தபோது தான் சிறுவன் என்றும், வயிற்றுப்போக்கில் கிடந்த தன்னை ஒரு டிரம்மிலிருந்து பிடித்துக் கொடுத்த உப்புத் தண்ணீர்தான் பிழைக்க வைத்தது என்றும் சொன்னார்.

பிறகு தேடிப் படித்தேன். அந்த ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். மழைக்காலம், முகாம்களில் காலரா. எல்லையோரப் பன்காவ் மருத்துவமனையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவரிடம் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கலந்து டிரம்மில் கரைத்து, நோயாளியின் உறவினர்களையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை உலகம் நம்ப ஆரம்பித்தது அந்த முகாமுக்குப் பிறகுதான். அவருக்குப் பத்ம விபூஷண் 2023இல் வந்தது, இறந்த பிறகு.

குடியாத்தம் கைலி எழுதியது:

போர் நடக்காத ஊரிலும் போர் வயிற்றில் அடிக்கும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதை. இரண்டாம் உலகப் போரில் குடியாத்தத்தில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் 1942இல் பர்மா ஜப்பான் கையில் போனது. பர்மா அரிசி நின்றது. நூல் பஞ்சம் வந்தது. நூல் இல்லாவிட்டால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் உலை வைக்க முடியாது. பாட்டி சொல்வார்: ரேஷன் அரிசியில் பாதி கல், அதுவும் வாரக் கடைசிக்கு வராது, கேழ்வரகுக் கூழைத் தண்ணீராகக் கரைத்துக் குடித்துவிட்டுத் தாத்தா சும்மா தறிக்குழியில் போய் உட்கார்ந்திருப்பாராம்.

அந்த ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்ததும் சென்னையே காலியானது. சர்க்கார் அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். மிருகக்காட்சி சாலைச் சிங்கம், புலிகள் தப்பி ஊருக்குள் வந்துவிடும் என்று சுட்டே கொன்றார்கள். மூட்டை முடிச்சோடு வந்த சென்னைக்காரர்களால் நம் பக்கம் வீட்டு வாடகை ஏறியது என்று பாட்டிக்குக் கடைசிவரை கோபம்.

இன்னொன்று. உலகத்துக்கே கொயினா (குவினைன்) மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது ஜாவா தீவு. அதுவும் 1942 மார்ச்சில் ஜப்பானிடம் போனது. மலைக்காய்ச்சல் என்ற மலேரியாவுக்கு இருந்த முக்கிய மருந்து பட்டாளத்துக்கு முதலில், பொதுஜனத்துக்கு மிஞ்சினால். ஜவ்வாது மலை அடிவாரத்தில் குளிர் காய்ச்சலில் கிடந்தவனுக்கு ஜாவா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா?

கம்மவான்பேட்டை சுபேதார் எழுதியது:

எங்கள் ஊரை எல்லோரும் ராணுவப் பேட்டை என்பார்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது இங்கே சாதாரணம். நானும் இருந்தேன், இந்திய அமைதிப் படையில் இலங்கைக்கும் போனேன். பார்த்தது எல்லாவற்றையும் எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். படைவீரன் சாகப் போகிறவன்தான். ஆனால் சாகும்வரை அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. எங்களுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர் எல்லாம் அளவுப்படி வந்தது. குடிநீரில் குளோரின் கலக்க ஆள் இருந்தது. காயம்பட்டால் ஹெலிகாப்டர் வந்தது. எங்கள் முகாமுக்கு எதிர் வீட்டில் கிணறு இருந்தது. அந்தக் குடும்பம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. அதில் குளோரின் போட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. யாரும் உத்தரவும் போடவில்லை.

மேல்மொணவூர் அக்கா எழுதியது:

சுபேதார் ஐயா எழுதிய எதிர் வீடு எங்கள் வீடாகவும் இருந்திருக்கலாம். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்தவள். 1996இல் மன்னார் வழியாகப் படகில் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, இந்த மாவட்டத்து மேல்மொணவூர் அகதி முகாமுக்கு அனுப்பப்பட்டேன்.

போரைப் பற்றிக் கேட்க வருகிறவர்களுக்கு ஷெல் விழுந்த கதை வேண்டும். என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி மண்ணெண்ணெய்க் கதை. 1990 நடுவில் இலங்கை அரசு வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டது. மின்சாரம் நின்றது. பேட்டரி, சீமெந்து, யூரியா, பெட்ரோல் எல்லாம் தடைப் பட்டியலில் ஏறின. மருந்துக்கும் அளவு வைத்தார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு அந்த வெளிச்சத்தில் படித்தோம். மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெட்ரோலில் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தெரு முழுவதும் வெண்புகை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தைப் பிழிந்து துணி துவைத்தோம். இதையெல்லாம் சொன்னால் இங்கே கெட்டிக்காரர்கள் என்று மெச்சுகிறார்கள். எங்கள் அம்மாவுக்கு ஆஸ்துமா. மண்ணெண்ணெய்ப் புகையும் கிடைக்காத மருந்தும் சேர்ந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமமே கிளம்பியது. லட்சக்கணக்கான சனம், மழை, நாவற்குழிப் பாலத்து வழி. ஓர் அடி வைக்க ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. அப்பா அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளினார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். ஒரு வகுப்பறைக்குப் பல குடும்பங்கள். கழிப்பறைக்கு விடியுமுன் வரிசை. பெண்கள் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். பகலில் போக இடமில்லை, வேறு என்ன செய்வது? சிறுநீர்க் கடுப்பு இல்லாத பெண்ணே அங்கே இல்லை. மாதவிலக்குத் துணியை அலசத் தண்ணீர் இல்லை, காயவைக்க மறைவு இல்லை. இந்த வலியெல்லாம் எந்த அறிக்கையில் வரும்?

அம்மா அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் இறந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சான்றிதழில் ஆஸ்துமா என்று எழுதினார்கள். இந்த இழையின் தலைப்பைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

பிறகு வன்னிக்குப் போனோம். அங்கே காட்டை ஒட்டிய கொட்டில், தரையில் படுக்கை, பாம்பு, நுளம்பு (கொசு). தம்பிக்கு மலேரியா வந்து வந்து போனது. அதே இலங்கையை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போர் நின்று ஏழு ஆண்டுகளில் முடிந்த காரியம்.

எதிர்க்கேள்வி எழுதியது:

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. உங்களோடு வாதாட வரவில்லை. ஆனால் குடியாத்தத்தில் நூல் கிடைக்காததும், 2022இல் உக்ரைன் போரால் நம் வீட்டில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதும், நீங்கள் பட்டதும் ஒரே இழையில் வரும்போது எனக்கு உறுத்துகிறது. நாம் எண்ணெய்க்கு இரண்டு காசு கூடக் கொடுத்ததைப் போரின் பாதிப்பு என்று சொல்வது கொஞ்சம் வெட்கக்கேடு.

ஆம்பூர் தோல் ஷெட் எழுதியது:

வெட்கப்பட வேண்டியவர்கள் இரண்டு காசு தாங்குகிறவர்கள். 2022க்குப் பிறகு ஐரோப்பாவில் விலைவாசி ஏறி ஷூ ஆர்டர் சுருங்கியபோது, எங்கள் பக்கம் வேலை இழந்த பெண்களுக்கு அது இரண்டு காசு இல்லை. மேல்தோல் தைக்கிற பெண்ணுக்கு மாதத்தில் பத்து நாள் வேலை குறைந்தால் முதலில் நிற்பது பால், அடுத்தது பிரஷர் மாத்திரை.

எங்கள் அத்தா 1990இல் குவைத்தில் இருந்தார். ஆகஸ்ட் 2 காலையில் ஈராக் படை உள்ளே வந்துவிட்டது. பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைவரை பஸ்ஸில் வந்து, பாலைவனக் கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து விமானம் ஏறினார். அப்படி 1,70,000 இந்தியர்களை நம் அரசு அழைத்து வந்தது, பெரிய காரியம்தான். வந்து இறங்கியவர் கையில் ஒரு பையும், நீர் வற்றிக் கெட்டுப்போன சிறுநீரகமும். சேர்த்த பணத்தில் பாதி அங்கே வங்கியிலேயே நின்றது. அக்காவின் துயரத்தோடு இதை ஒப்பிடவில்லை, பாய்க்கு அவ்வளவு அறிவு இருக்கிறது. ஆனால் எதிர்க்கேள்வி தம்பி சொல்வது போல இதை வாசலுக்கு வெளியே நிறுத்தவும் முடியாது.

மேல்மொணவூர் அக்கா எழுதியது:

எனக்கு உறுத்தல் இல்லை, எல்லோரும் எழுதலாம். எனக்கு உறுத்துவது வேறு. சுபேதார் ஐயா காயம்பட்டால் ஹெலிகாப்டர் வந்ததாக எழுதினார். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து சுட்டதில் டாக்டர்கள், தாதிமார், நோயாளிகள் என அறுபதுக்கும் மேல் செத்தார்கள். அதன் பிறகு எங்கள் சனத்துக்குக் காயம்பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயம். ஆஸ்பத்திரியைச் சுட்டால் அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் மட்டும் சாவதில்லை, ஐயா. பயந்து வராமல் வீட்டிலேயே கிடந்து செத்தவர்களும் உண்டு.

கம்மவான்பேட்டை சுபேதார் எழுதியது:

உள்ளிருந்து சுட்டார்கள் என்று எங்கள் தரப்பில் சொன்னார்கள். நான் அன்று அங்கே இல்லை. இருந்தாலும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்க எனக்கு முடியவில்லை, தங்கச்சி. அந்தப் போரில் எங்கள் பக்கம் ஏறத்தாழ 1,200 பேர் போனார்கள். அவர்களுக்கெல்லாம் பெயர்ப் பலகை இருக்கிறது.

நெறியாளர் எழுதியது:

இதற்குக் கீழே வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாருடைய பதிவு என்று அவரவருக்குத் தெரியும். சுபேதார் ஐயாவும் அக்காவும் பேசிக்கொண்ட மரியாதையில் கால் பங்காவது மற்றவர்கள் காட்டினால் இழையைத் திறந்து வைக்கலாம்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

சண்டையை நிறுத்தி மருந்து கொடுத்ததும் நடந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1985இல் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போரின் நடுவே தடுப்பூசிக்காகச் சில நாட்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். இலங்கையிலும் 1995 முதல் போலியோச் சொட்டு மருந்து நாட்களுக்கு இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. அங்கே கடைசிப் போலியோ நோயாளி 1993இல். போர் நடந்துகொண்டே இருந்தும் நோய் திரும்பவில்லை.

காசாவில் மாறாக நடந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக இல்லாத போலியோ 2024 ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தையிடம் வந்தது. சாக்கடை தெருவில் ஓடியது, தடுப்பூசி தடைப்பட்டது, வேறென்ன வேண்டும்? செப்டம்பரில் பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்தி லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போட்டார்கள். டாக்டர் ஜேக்கப் ஜான் போன்றவர்கள் போலியோவோடு மல்லுக்கட்டிய ஊர் வேலூர். இந்தியா 2014இல் போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றதற்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு என்று இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைக் குலைக்க சில மாதச் சண்டை போதும்.

காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் ஓட நேர்ந்து மருந்தை விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம், அது அடுத்தவருக்கும் பரவும். மனநோய் பற்றி யாரும் எழுதவில்லை. 2009இல் போர் முடிந்த கையோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடு வீடாகக் கேட்ட ஓர் ஆய்வில் மூன்றில் ஒருவருக்குப் பதற்ற நோயின் அறிகுறி, ஐந்தில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வு.

லாங் பஜார் வாசி எழுதியது:

அக்கா, முகாமில் இப்போது உடல்நிலை விஷயத்தில் பெரிய தொல்லை எது? புதிய வீடுகள் கட்ட 2021 நவம்பரில் முதல்வர் மேல்மொணவூருக்கு வந்து அடிக்கல் நாட்டினார், அது தெரியும். மற்றது எங்களுக்குத் தெரியாது.

மேல்மொணவூர் அக்கா எழுதியது:

மற்ற ஊர்களில் இருக்கிற சர்க்கரையும் பிரஷரும்தான் இங்கேயும். ஒன்று வேண்டுமானால் கேட்கிறேன். என் உறவுக்காரர் ஒருவர் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் கால் போட்டிருக்கிறார். ஒரு முறை கால் கொடுத்தால் முடிந்தது என்று கொடுக்கிறவர்கள் நினைக்கிறார்கள். அவருக்கு இப்போது உடம்பு மெலிந்து, கால் உள்ளே ஆடி, புண் வந்துவிட்டது. பெயின்டிங் வேலைக்குப் போகிறவர். ஏணி ஏற முடியவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உள்ளே துணியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

துணி சுற்றுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். புண் ஆறும்வரை அந்தக் காலைப் போடவே கூடாது, ஊன்றுகோலில் நடக்கட்டும். சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முழுக் காலையும் மாற்ற வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே மீந்த காலில் பொருந்துகிற கிண்ணப் பகுதியை மட்டும் புதிதாக அளவெடுத்துச் செய்வார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் புண்ணைக் காட்டிவிட்டு, கைகால் மறுவாழ்வுப் பிரிவு எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். பாகாயத்திலும் மறுவாழ்வு மையம் இருக்கிறது. சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கியது. பழைய காலைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுவரட்டும், எந்த அளவு, எந்த வகை என்று அவர்களுக்கு அதில் தெரியும்.

கம்மவான்பேட்டை சுபேதார் எழுதியது:

தங்கச்சி, என்னிடம் பழைய மாருதி வேன் இருக்கிறது. எந்த நாள் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள், காலை ஏழு மணிக்கு முகாம் வாசலுக்கு வந்துவிடுகிறேன். ஓ.பி. சீட்டுக்கு ஆதார் போதுமா, முகாம் அட்டை வேண்டுமா என்று சிஸ்டர் விசாரித்துச் சொல்லட்டும்.